நத்தைத் தூளோடு கொல்லிமலைக்கு

காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியபோது என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே இரண்டு படி தூள். முருங்கை இலை, வெந்தயம், கருஞ்சீரகம் மூன்றையும் தனித்தனியாகக் காயவைத்து, இடித்துச் சலித்துக் கலந்தது. அதில் வேறு ஒரு பொருளும் இல்லை என்பது படைத்தவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கூட நின்று சலித்த என் வீட்டுக்காரிக்குத் தெரியும். மலைமேல் இருந்தவர்கள்தான் நம்பவில்லை.

அடிவாரத்தில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. என் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. எங்கள் பக்கம் கோழிப் பண்ணைகள் அதிகம். தீவனத்தில் கலக்கிற மூலிகைத் தூள் கடையில் நன்றாகப் போகும். மலைமேல் எடப்புளி நாடு என்கிற பகுதியிலிருந்து பழனியம்மா என்பவர் ஒருநாள் வந்து, "கோழிக்குப் போடற தூளு குடுங்க பாய், நத்தைக்கு வேணும்" என்று கேட்டபோது கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் நத்தை பொறுக்கி ஆக்கித் தின்பது அவர்கள் ஊர் வழக்கம். இப்போது கேரளத்து ஹோட்டல்களுக்கு வாங்கிப்போக ஒரு வியாபாரி வருகிறார். அதனால் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து பட்டி போட்டு வளர்க்கிறோம். குஞ்சுகள் ஓடு பிடிக்காமல் சாகின்றன என்றார்.

கோழித் தூளைக் கொடுக்க நான் ஒப்பவில்லை. அதில் மிளகும் பூண்டும் உப்பும் உண்டு. நத்தைமேல் உப்புப் பட்டால் நுரை தள்ளிச் செத்துவிடும். எனவே உப்பும் காரமும் இல்லாமல் இதைத் தனியாகச் செய்தேன். முருங்கை சத்துக்கு, வெந்தயம் தீனி எடுக்க, கருஞ்சீரகம் நோய் அண்டாமலிருக்க. ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூள் வேறாக. எங்கள் மார்க்கத்தில் நத்தை தின்பதில்லை. மனசு உறுத்தி, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "நீர் தின்னாதீர். வாயில்லா ஜீவனுக்குக் கெடுதல் இல்லாத தீனி கொடுக்கிறது உம்ம பாடு. மத்தது அவங்க பாடு" என்றார். மழை முடிவதற்குள் குஞ்சுகளுக்கு ஓடு கெட்டியாகிவிட்டது என்று பழனியம்மா ஒரு தார் மலை வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்து, மறுபடி தூள் வாங்கிப் போனார்.

பிறகு ரமலான் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், நோன்பு மார்கழிக் குளிரோடு சேர்ந்து வந்த வருஷம். மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் நின்று சேதி சொன்னார்.

"உங்க தூளுல உப்பு இருக்குதாம், தின்னு நத்தையெல்லாம் சாகுதாம் பாய். நாளன்னிக்கு ஊர்க்கூட்டம். வர்லீன்னா குத்தத்த ஒப்புக்கிட்டதா ஆயிரும்னு ஊர்க்கவுண்டரு சொல்லியுட்டாருங்க."

ஒப்புக்கொண்டதாக ஆனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தள்ளி வைப்பார்கள். அந்த நாட்டில் யாரும் என்னிடம் வாங்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள், ஒரு வாய் தண்ணீர் தரமாட்டார்கள். என் அத்தா காலத்திலிருந்து மிளகும் கடுக்காயும் எடுத்துவந்த மலை அது. அது போனாலும் போகட்டும், கடையை வேறு சரக்கு வைத்து ஓட்டிவிடலாம். உப்பைக் கலந்து ஏமாற்றியவன் என்ற பேரை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது? அதே தூளில் கடையில் மீந்திருந்த இரண்டு படியைக் காட்டுவதற்கு எடுத்துக்கொண்டு, அல்லாஹ்மேல் பாரத்தைப் போட்டுப் புறப்பட்டேன்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சந்தைக்குப் போகிறவர்கள். பேச்சு தானாகக் காதில் விழுந்தது.

"இந்தத் தடவ கோழித் தூளையே அப்படியே கட்டிக் குடுத்துட்டானாமா."

"எவன்?"

"கீழ மருந்துக்கடை பாயி. அஞ்சு வேளையும் தொழுவுற ஆளாம்."

"தொழுவுறவனுக்கு நத்தை மேல என்னடி அம்புட்டு அக்கறை?"

இருவரும் சிரித்தார்கள். நான் பையைத் துண்டால் மூடினேன்.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. எங்கள் பஸ்ஸும் நின்றது. கீழே பார்த்தால் நாங்கள் ஏறிவந்த ரோடு சுருட்டிப் போட்ட கயிறு மாதிரி கிடந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பொட்டலம் பிரித்தார். புளிச்சோறு, பருப்பு வடை.

"சாப்பிடுங்க பாய்."

"நோம்புங்க."

"தண்ணி?"

"அதுவும் ஆகாதுங்க."

"எச்சி முழுங்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவருக்கே சங்கடமாகி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வடையைத் தின்றார். வாசனை திரும்பவில்லை, என் பக்கமேதான் வந்தது.

எங்கள் ஊரில் லாரி மறித்தால் பத்துப் பேர் ஹாரன் அடிப்பார்கள், பத்துப் பேர் டிரைவரின் பரம்பரையை விசாரிப்பார்கள். இங்கே ஆண்கள் ஒன்றும் பேசாமல் இறங்கி மூட்டைகளை ஓரத்தில் இறக்கத் தொடங்கினார்கள். நானும் இறங்கினேன். முன் சீட்டுப் பெண்ணொருத்தி கையை நீட்டி, "பையக் குடுங்க, வெச்சிருக்கறேன். என்ன இருக்குது, இம்புட்டு கனம்?" என்றார்.

"தூளுங்க."

"என்ன தூளு?"

அவர் என் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். பிறகு பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். லாரி மலைப்பக்கமாக ஒதுங்கி, பஸ் கிளம்பி, செம்மேடு வரும்வரை அந்த இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது பையைத் திருப்பிக் கொடுத்து, "ஊரு பேசறதத்தானுங்க பேசினேன்" என்றார். அதையும் தலை குனிந்துதான் சொன்னார்.

செம்மேட்டில் சந்தை நாள். அன்னாசியும் மிளகும் காப்பிக் கொட்டையும் ஒரே சாக்கு விரிப்பில் கிடந்தன. பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தவர் பழனியம்மாவின் தம்பி சடையன். நெட்டையான ஆள், காதில் பீடி சொருகியிருந்தார்.

"அக்கா உங்க மேல பயங்கரக் கோவத்துல இருக்குதுங்க. அது ஊட்டுப் பக்கம் போவ வேண்டாம். நம்மூட்டுல தங்கிக்குங்க. நான் உங்களச் சந்தேகப்படலீங்க பாய்."

அந்த மலையில் அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர். சாமைக் காட்டு வரப்பில் நடந்து ஊருக்குப் போனோம். பட்டிகளை அவரே காட்டினார். பலகை அடைத்து, மேலே நைலான் வலை போட்டு, ஐந்தும் வரிசையாக நன்றாகத்தான் இருந்தன. ஓரத்தில் செத்த ஓடுகள் குவிந்து கிடந்தன. நாற்றம் தொண்டையை அடைத்தது. பழனியம்மா அங்கே குனிந்து செத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"தீனி, தண்ணி, எதுலயும் கொறை வெக்கலீங்க" என்றார் சடையன். "குளிருக்கு மெத்துனு இருக்கட்டுமுன்னு பழைய சருக வாரிட்டு, காப்பிப் பழத்துத் தோலு நாந்தான் அஞ்சு பட்டிக்கும் சொமந்து போட்டேன். இந்த மாசம் அது மலையில குப்பை மாதிரி கெடக்குமுங்க." எனக்கு அப்போது அந்தப் பேச்சு மனசில் தங்கவில்லை. என் நினைப்பெல்லாம் உப்பில் இருந்தது. இடித்த உரலில், சலித்த சல்லடையில், கட்டிய சாக்கில் எங்கேயாவது உப்பு ஒட்டியிருந்ததோ என்று இரவெல்லாம் குழம்பினேன்.

விடியுமுன் சாப்பிட்டு நோன்பு பிடிக்கிற சஹருக்கு நான் எழுமுன் சடையன் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்திருந்தார். மலை வாழைப்பழமும் வெந்நீரும். என்னோடு அவரும் உட்கார்ந்தார். "நானும் இன்னிக்கு இருந்து பாக்கறனுங்க. பீடி ஆகுமா?"

"ஆகாதுங்க தம்பி."

"அப்ப எனக்குச் சொர்க்கம் கெடையாது" என்று தன் பங்குப் பழத்தையும் என் பக்கம் தள்ளினார்.

அன்று காலை கூட்டம் கோவிலுக்கு முன்னால், பலா மரத்தடியில். ஊர்க்கவுண்டர் கம்பளி போர்த்தி கல்மேல் உட்கார்ந்திருந்தார். வயசானவர், குரல் உயர்த்தாதவர். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உப்புப் போட்டீங்களா, இல்லீங்களா?"

"போடலீங்க."

"அப்பக் கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணிருங்க. முடிஞ்சுது."

தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "உங்க சாமிய நான் குறைவா நெனக்கலீங்க. ஆனா நான் படைச்சவன் பேர்ல மட்டும்தான் சத்தியம் பண்ணக் கூடியவன். அவன் பேர்ல சொல்றேன், இந்தத் தூள்ல உப்பு இல்லை, விஷம் இல்லை."

"உங்க சாமி எங்களுக்கு வந்து சொல்லுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது.

பழனியம்மா எழுந்தார். "சத்தியமே வேண்டாமுங்க. மனுசனே திங்கற சாமான்தான் போட்டிருக்கறேன்னு கடையில அன்னிக்குச் சொன்னாரு. திங்கட்டும். அவரு கொண்டாந்த பை வேண்டாம், எங்கூட்டுல மீந்த தூளு இந்தா இருக்குது." ஒரு கிண்ணம் நிறைய என் முன்னால் வைத்தார்.

வேறு மாதமாக இருந்தால் அந்த இடத்திலேயே அள்ளித் தின்றிருப்பேன். பயணத்தில் இருப்பவனுக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்கச் சலுகை உண்டு. ஆனால் எங்கள் ஊருக்கும் அந்த மலைக்கும் அவ்வளவு தூரம் கிடையாது. இல்லாத சலுகையை எடுத்து என் மெய்யை நிரூபிக்க மனசு ஒப்பவில்லை.

"பொழுது சாயட்டுமுங்க. நோம்பு திறக்கற முதல் வாய் இந்தத் தூள்தான்."

"அதுக்குள்ள கீழ பஸ் ஏறிருவாரு" என்றது அதே குரல்.

"சத்தியமும் பண்ண மாட்டாராம், திங்கவும் மாட்டாராம். வேற என்னதான் பண்ணுவாரு?" என்றார் இன்னொருவர். கவுண்டர் கை காட்டினார்.

"பொழுது சாயட்டும். அதுவரைக்கும் நத்தையே சாட்சி சொல்லட்டும்."

இரண்டு முறம் கொண்டுவந்தார்கள். பட்டியில் உயிரோடிருந்தவற்றில் கொஞ்சம் எடுத்து இரண்டிலும் விட்டார்கள். ஒரு முறத்தில் வெறும் பப்பாளி இலை, மற்றதில் பழனியம்மாவின் கிண்ணத்துத் தூள் தூவிய பப்பாளி இலை. பட்டியில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்று சடையன் ஓடிப்போய்க் காப்பித் தோலை அள்ளிவந்து இரண்டிலும் பரப்பித் தண்ணீர் தெளித்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நத்தை சாட்சி சொல்கிற வேகம் தெரிந்ததுதான். கோர்ட்டே தேவலை என்று ஒருவர் சொன்னார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது தூள் முறத்தில் ஒரு நத்தை நுரை தள்ளியது. "பாருங்க, பாருங்க" என்று சத்தம் எழுந்தது. குனிந்து பார்த்தேன். பக்கத்து முறத்திலும் இரண்டு நுரை தள்ளிக் கிடந்தன. அதில் தூளே இல்லை. அதைக் காட்டினேன். கூட்டம் குழம்பியது. "அப்ப ஆத்தா கோவந்தான். நத்தைய வித்ததே தப்பு" என்று இன்னொரு பேச்சு ஆரம்பித்தது. நான் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறத்தின் விளிம்பில் ஏறிய ஒரு நத்தை மட்டும் கொம்பு நீட்டி நன்றாக இருந்தது. அது இறங்கிவந்து காப்பித் தோலைத் தொட்டதும் கொம்பை இழுத்துக்கொண்டு திரும்ப விளிம்புக்கே போனது. மறுபடி இறங்கியது. மறுபடி திரும்பியது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் வந்தது சந்தோஷமில்லை.

மதியத் தொழுகையான லுஹர் தொழ ஓடைக்குப் போனபோது சடையன் கூட வந்து, கை கால் கழுவி ஒளுச் செய்ய வசதியான கல்லைக் காட்டினார். தொழுது முடித்து அவரிடம் சொன்னேன். "தம்பி, தூள் ஒரு முறத்துலதான் இருக்குது. காப்பித் தோல் ரெண்டுலயும் இருக்குது."

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு பட்டிக்கும் நாந்தான் போட்டேன்."

"ஆமா."

"அக்கா ஊட்டுக்கே நான் கேடு பண்ணிட்டேனா?" காதிலிருந்த பீடியை எடுத்து விரலில் உருட்டினார். "சொல்லிருவீங்களா பாய்? உங்களத் தள்ளி வெச்சா நீங்க கீழ போயிருவீங்க. என்னையத் தள்ளி வெச்சா நான் எங்க போவேன்?"

நான் அவர் வீட்டில் சஹர் செய்தவன். அதே சமயம், தெரிந்த சாட்சியை மறைத்துவிட்டு அல்லாஹ்விடம் கை ஏந்த முடியாதவன். "பொழுது சாயற வரைக்கும் நான் சொல்லலை. அதுக்குள்ள உங்க வாயால வந்தா நல்லது" என்றேன். அவர் எழுந்து போனார்.

நான் திரும்பியபோது முறங்களில் தோல் இல்லை. ஈர வாழைமட்டை விரித்திருந்தது. சடையன் நத்தைகளைத் தண்ணீரில் அலசி விட்டிருந்தார். "ஏன்டா மாத்தினே?" என்று கவுண்டர் கேட்டதற்கு, "குளுமையா இருக்கட்டுமுன்னுங்க" என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம்.

மாலையில் அசர் தொழும்போது நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்கிறேன், வியாபாரத்துக்காகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, நான் தின்னவே கூடாத ஒரு பிராணியின் பசிக்காகக் கை ஏந்தினேன். யா அல்லாஹ், அது தின்னட்டும்.

வெயில் இறங்கிக் குளிர் ஏறியபோது தூள் முறத்தில் ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. தூள் தூவிய இலைமேல் ஏறி, ஓரத்தில் வாய் வைத்தது. பழனியம்மா முறத்தோடு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரியன் எதிர் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. "பொழுது போயிருச்சுங்களே பாய், கிண்ணத்த எடுங்க" என்றார் காலையில் சிரித்தவர்.

"மலைக்குப் பின்னால போயிருக்குதுங்க. இன்னும் முழுகல." எங்கள் சமவெளியில் சூரியன் ஒரு தடவைதான் மறையும். இங்கே முதலில் மலைக்கு மறைந்து, அப்புறம்தான் உலகத்துக்கு மறைகிறது.

"ரெண்டாவது பொழுது ஒண்ணு வெச்சிருக்கறாரு பாரு" என்றார் அவர். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சடையன் மரத்தடியில் பற்றவைக்காத பீடியோடு குந்தியிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. சஹரில் சாப்பிட்ட பழம் என்றைக்கோ தின்றது போல் இருந்தது. பசியைவிட, சொல்ல வேண்டிய சொல்தான் கனத்தது.

நேரம் வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கை தூளை அள்ளி வாயில் போட்டேன். நாளெல்லாம் வறண்ட வாய். கசப்பு நாக்கில் ஏறுமுன் தூள் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சு வரவில்லை. இருமினேன், கண் பிதுங்கியது, தரையில் கை ஊன்றினேன்.

"வெசம்டா" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் எழுந்து பின்வாங்கியது.

சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தவர் சடையன். என் தலையைப் பிடித்து வாயில் ஊற்றினார். "வெசமுமில்ல ஒண்ணுமில்ல. காஞ்ச வாயில தூளு அடைச்சிருக்குது" என்றவர், என்னைப் பிடித்தபடியே கவுண்டர் பக்கம் திரும்பினார். "தூளு நல்ல தூளுங்க. நத்தையக் கொன்னது நாந்தான். பட்டியில காப்பித் தோலப் போட்டேன். அது அதுகளுக்கு ஆகலீங்க. முறத்துல தோல எடுத்துட்டு மட்டையப் போட்ட பொறவு பாருங்க, திங்குதுங்க. மத்தியானமே தெரியும். சொல்லப் பயந்துட்டேன்."

கவுண்டர் முறத்தருகே வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"தானா எந்திரிச்சுச் சொன்னவனத் தள்ளி வெக்கறது நம்ம வழக்கமில்ல. அஞ்சு பட்டித் தோலையும் இவனே வாரிட்டு, கழுவி, சருகு போடோணும். இன்னிக்கே." என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "தொண்ட சரியாச்சுங்களா?" என்றார். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் போடுங்க." வாயில் போட்டு மென்று முகம் சுளித்தார். "இதையா நத்தை திங்குது? பாவம்" என்றார். அப்போதுதான் அந்தக் கூட்டம் முதல் தடவையாக என்னோடு சேர்ந்து சிரித்தது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்தேன். சடையன் பட்டியில் இறங்கியிருந்தார். உதவிக்கு நானும் கூடையை எடுத்தபோது பழனியம்மா எதிரில் வந்து நின்றார். கையில் ஒரு மண் சட்டி, மேலே வாழை இலை மூடியது. ஆவி பறந்தது.

"சாமைக் கஞ்சிங்க. குடிச்சுட்டு அப்பறம் வேலை பாருங்க. பயப்படாதீங்க, இந்தச் சட்டியில நத்தை வேகல. புதுசு."

"எப்ப வாங்கினீங்க?"

"நேத்துச் சந்தையில. நோம்பு மாசமுன்னு கண்டக்டரு சொன்னாரு."

நேற்று அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் அதைக் கேட்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "கோவம் வேறைங்க" என்றார். "குத்தம் இருந்தாலும் இல்லீன்னாலும் பொழுது சாஞ்சா உங்களுக்கு வகுறு காயும். யாராச்சும் ஊத்தணுமில்லீங்களா."

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, தம்பி பக்கத்தில் இறங்கித் தோலை அள்ளத் தொடங்கினார்.